எதிர்வீட்டுக் கறிவேப்பிலை

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் எதிர்வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். காலை ஏழு மணிக்குத் தேய்த்த சட்டையோடு வெளியே வருவார். குவளைத் தண்ணீரில் உரத்தைக் கரண்டியால் கலக்கி, வாசலில் இருக்கும் ஒரே தொட்டியில், கறிவேப்பிலைக்கு ஊற்றுவார். இலை நுனிகள் கருகிக்கொண்டே வந்தன. மண்மேல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

“அங்கிள், உரம் கூடிப்போச்சு. வெறும் தண்ணிய நெறைய ஊத்தி மண்ணக் கழுவி விடுங்க. அப்புறம் மாசம் ஒரு தடவ, பாதி அளவு போதும்,” என்றேன்.

“வாடுதேன்னு நான் இன்னும் கூட்டியில்ல குடுத்தேன் லா,” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “அப்ப மத்த நாள்ல நான் என்ன செய்றது?”



இரண்டு மாதத்தில் செடி துளிர்த்தது. இப்போதும் அவர் ஏழு மணிக்குக் குவளையோடு வருகிறார். அதில் இருப்பது வெறும் தண்ணீர்தான். ஆனாலும் ஊற்றுமுன் கரண்டியால் வெகுநேரம் கலக்குகிறார்.