பாலு வெட்டி எறிந்த பதினான்காம் நாள்

என் நண்பன் பாலு நான் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டு, மீதியை விளம்பரமாக ஓட்டுகிறான்.

கேமிங் மவுஸ் பேட் ஒன்றை அவனுடைய யூடியூப் சேனலுக்காகப் பதினான்கு நாள் பயன்படுத்திப் பார்த்தேன். முதல் நாள், "வெண்ணெய் மாதிரி வழுக்குது" என்றேன். பதினான்காம் நாள், நம் திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் துணி கை வியர்வையில் ஊறி மவுஸ் நகரவே மறுத்தது. ஓரத் தையலும் பிரிந்தது. "வாங்காதீங்க" என்று கேமராவைப் பார்த்தே சொன்னேன்.

இன்று கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

"அண்ணா, உங்க வீடியோ பாத்துத்தான் வாங்கினேன், கேட்டோ. ஒரே வாரத்துல ஒட்டுது. நீங்க அதைத் தொட்டே பாக்கலை, அல்லே?"

அவள் போனிலேயே வீடியோவைப் பார்த்தேன். வெண்ணெய் மட்டும் இருந்தது; பதினான்காம் நாள் என் முகத்தையும் பேச்சில்லாமல் அதோடு ஒட்டியிருந்தான்.

இரண்டு நாளும் ஒரே நீலச் சட்டையைப் போடச் சொன்னவன் பாலுதான். வெட்டிய இடம் தெரியாமலிருக்கத்தான் என்று பஸ்ஸில்தான் புரிந்தது.

இறங்கியதும் அவனைக் கூப்பிட்டேன்.

"கம்பெனிக்காரன் அடுத்து ஹெட்செட் அனுப்புதான் மக்கா. நீ எதுக்குலே சூடாவுத?"

"பஸ்ல அத்தனை பேர் முன்னால பொய்யனா நின்னது நான்லே!"

போனை வைத்துவிட்டான்.

வீடியோவுக்குக் கீழே எல்லோரும் பார்க்க எழுதினேன்: "பாலு, பதினான்காம் நாளைப் போடு. இல்லையென்றால் என் முகத்தை வீடியோவிலிருந்து எடுத்துவிடு."

எனக்கு மேலும் கீழும் உள்ள கமெண்டுகளுக்கெல்லாம் ஹார்ட் போட்டிருக்கிறான். நீங்களும் போய்க் கேளுங்கள். யாருக்காவது பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.