உருகாத பனித்தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு "உருகாத மேடம்" என்று பேர். துருவக் கடலில் மிதந்த ஒரு பனித்தட்டு, லட்சம் வருஷத்துக்கு முந்தைய வெப்பகாலத்தில்கூட உடையாமல் நின்றது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டியவள் அவள்தான். அந்தப் பட்டப்பேரைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள். அதே முடிவை மறுநாள் வெளியூர் விஞ்ஞானிகள் முன்னால் மேடையேறிச் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் சும்மா விளையாட்டாகத்தான் அந்தக் கணக்கில் கடல்நீரின் சூட்டை ஏற்றிப் பார்த்தாள். பனி மெலிந்துகொண்டே போய் ஐம்பது மீட்டரில் நின்றது. இன்னும் ஏற்றினாள். அப்போதும் ஐம்பதுதான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் அசையமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பனி எந்த உலகத்தில் இருக்கிறது?

புரோகிராமை வரிவரியாக அலசினாள். நடுவில் ஒரு வரி உட்கார்ந்திருந்தது: தடிமன் ஐம்பது மீட்டருக்குக் கீழே போனால் ஐம்பது என்றே வைத்துக்கொள். எழுதியவன் அவள் புருஷன். பக்கத்து அறையில் புரோகிராம்களைப் பராமரிப்பது அவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பனி மெலியும்போதெல்லாம் கணக்கு பாதியிலேயே நின்றுபோகும். அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதுகொண்டே படுப்பாள். திடீரென்று ஒருநாள் கணக்கு நிற்காமல் ஓடத் தொடங்கியது. எல்லாம் தன் கெட்டிக்காரத்தனம் என்றல்லவா நினைத்திருந்தாள்? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராகப் போய் அவனிடம் கேட்டாள்.

அவன் மழுப்பவில்லை. "நீ படற பாட்டைப் பாக்க முடியல. ரெண்டு நாளைக்குன்னுதான் போட்டேன். அப்புறம் நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே, சொல்ல மனசு வரல." நாளைக்குப் பேசி முடித்துவிடு, பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று யோசனை வேறு.

"அழுதா அழுதுட்டுப் போறேன்," என்றாள். "என் கணக்குல கைவைக்க நீ யாரு?"

அந்த வரியை அழித்தாள். பனி முழுக்கக் கரைந்தாலும் கணக்கு நிற்காதபடி சரிசெய்து மறுபடி ஓடவிட்டாள். திரையில் விளிம்பு உதிர்ந்தது, நடுவில் விரிசல் ஓடியது, கடைசியில் வெறும் கடல்தான் மிஞ்சியது.

மறுநாள் இயக்குநர் பல்லெல்லாம் தெரிய, "நம்ம உருகாத மேடம்" என்று அவளை மேடைக்கு அழைத்தார். அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"உருகிடுச்சு. மூணு வருஷமா நான் சொன்னது தப்பு. புரோகிராம்ல ஒரு வரியைப் போட்டு பனியை உருகாம நிக்க வச்சிருக்காங்க."

யார் போட்டது என்று இயக்குநர் பதறினார். முன்வரிசையில் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காகப் பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு எனக்காக உண்மையைச் சொல்லவும் தெரியட்டும் என்று அவள் படியிறங்கிப் போய், மைக்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.