ஒரு எஞ்சின் போதும்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வாயைத் திறந்தால் ஹெலிகாப்டர்தான். பட்டாளத்தில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்தவர். வெளியே வந்த பிறகு மும்பையில், ஹெலிகாப்டரை வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் அதே வேலை. லீவில் எங்கள் ஊர் வன்னியம்பட்டிக்கு வந்தால் கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டார். தான் வேலை பார்க்கிற ரக ஹெலிகாப்டரைச் செய்ய ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் கூட்டுச் சேர்ந்ததையும், இவன் விசிறியைச் செய்ய அவன் கியர் பாக்ஸைச் செய்ததையும், இரண்டும் ஒத்துப்போகிறவரை வருஷக்கணக்கில் இழுத்ததையும் சம்பந்தம் பேசி முடித்த கதை போலச் சொல்வார். வாலுக்குக் கீழே பின்பக்கம் இரண்டு கதவும் விரியத் திறக்குமாம். ஸ்ட்ரெச்சரை அலுங்காமல் உள்ளே தள்ளிவிடலாமாம். கடைசியில் என் பக்கம் திரும்புவார்.

“ரெண்டு எஞ்சினுட்டி. ஒண்ணு நடுவானத்துல செத்துட்டாலும் இன்னொண்ணு போதும். பத்திரமா கொண்டாந்து எறக்கிரும்.”

அப்பா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். மாமாவைச் சீண்டுவதில் அவருக்கு அலாதி சந்தோஷம். கரண்ட் போகிற நாளில் எல்லாம், அந்த இரண்டாவது எஞ்சின் சும்மாதானே இருக்கிறது, எங்கள் தறிக்குக் கழற்றிக் கொடுங்கள் மச்சான் என்பார். நான் மட்டும் மாமா சொன்ன அத்தனையையும் நம்பினேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் தேர்தல் வந்தது. இராஜபாளையத்தில் ஒரு பெரிய தலைவரின் கூட்டம் நடந்த அன்றைக்குத்தான், தறிக்கூடத்தின் கூரைத் தகரத்தை மாற்ற ஏறிய அப்பா சறுக்கி, தலை அடிபட விழுந்தார். மண்டைக்குள் ரத்தம் கசிகிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பார் என்று அங்கே ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலை முழுக்கக் கூட்டத்துக்கு வந்த வேன்கள். அம்மா அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

லீவில் வந்திருந்த மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். தலைவர் வந்த ஹெலிகாப்டர் கூட்ட மேடைக்குப் பக்கத்து மைதானத்தில் நின்றது. மாமா வேலை பார்க்கிற அதே ரகம். தலைவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார், அது சும்மா வெயிலில் நின்றது.

கயிறு கட்டிய இடத்தில் நின்ற போலீஸ்காரரிடம் மாமா தன் பழைய பட்டாளத்து அட்டையைக் காட்டினார். அவர் உள்ளே விட்டார். பைலட் சின்ன வயசுக்காரர். மாமா அவரிடம் இந்தியில் பேசினார், வாலைக் காட்டினார், இரண்டு கையாலும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது போலச் செய்தார், என் தலையைத் தொட்டுக் காட்டினார். பைலட் போய் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரிடம் கேட்டார். அவர் யாருக்கோ போன் பேசிவிட்டுக் கையை விரித்தார். பைலட் திரும்பி வந்து மாமாவின் தோளைத் தொட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இந்தி தெரியாத எனக்கு இவ்வளவுதான் தெரிந்தது.

“ஒரு எஞ்சின் ரிப்பேராம்ட்டி” என்றார் மாமா.

“ஒண்ணு போதும்னு சொன்னீயளே மாமா?”

அவர் பைக்கை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி மறுபடி உதைத்தார். இத்தனை வருஷமும் மாமா அளந்ததெல்லாம் புளுகு, அப்பா கேலி செய்தது சரிதான் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன்.

வளர்ந்த பிறகு அந்த ஹெலிகாப்டரைப் பற்றி நானே தேடித் தேடிப் படித்தேன். மாமா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வெளிநாடுகளில் ஆஸ்பத்திரி மாடியிலேயே அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன ஒரே பொய் அன்றைக்குச் சொன்னதுதான். உங்கப்பனுக்கு அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதை நினைக்கும்போது எனக்குக் கோபம்கூட வருவதில்லை. எங்களைப் போன்றவர்கள் கேட்டிருக்கவே கூடாது என்றுதான் தோன்றுகிறது. அந்த எண்ணத்திலிருந்து இன்றுவரை என்னால் மீள முடியவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது; அப்பாவை ஏற்றி, அம்மாவும் மாமாவும் கூடவே ஏறிக்கொண்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஊரைத் தாண்டுவதற்குள் கூட்டம் முடிந்து, திரும்பிப் போகிற வேன்கள் எங்களை முன்னும் பின்னும் அடைத்துக்கொண்டன. சைரன் கத்திக்கொண்டே இருந்தது. டிரைவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினார்.

அப்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. வேன்களில் இருந்தவர்கள் துண்டை உயர்த்தி ஆட்டினார்கள். ஹெலிகாப்டர் எங்களைக் கடந்து மதுரைப் பக்கமாகப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்பக்கம் இருந்த சின்ன ஜன்னலைத் தட்டினேன்.

“மாமா, ரிப்பேர் சரியாயிட்டு மாமா!”

உள்ளே அம்மா அப்பாவின் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். மாமா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக டிரைவரிடம், “வண்டியத் திருப்பிருங்கண்ணே” என்றார்.

டிரைவர் சைரனை நிறுத்தினார். சாலையின் நடுத் தடுப்பு முடிந்த இடத்தில் வண்டி திரும்பியது. இராஜபாளையத்துக்குப் போகிற பக்கம் சாலை காலியாகக் கிடந்தது. மைதானத்துக்குத்தான் போகிறோம், ஹெலிகாப்டர் தலைவரை இறக்கிவிட்டு அப்பாவுக்காக அங்கே வரும், அதற்குள் போய்விடலாம் என்று நான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.