கேட்டு வாங்கிய ரோடு

போன வாரம் பெய்த மழையில் எங்கள் வீட்டு ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். மழைமேல் எனக்குக் கோபமில்லை. பின்தெரு குமரேசன் வீட்டில் ஒரு சொட்டுகூட இல்லையே... வயிறு எரிந்தது அதற்குத்தான்!

குமரேசன் பட்டு நெய்கிறவன். என் பள்ளித் தோழன். எனக்கு முன்னால் அவனுக்கு மீசை முளைத்த நாளில் தொடங்கிய பொறாமை இது. எனக்கு முன்னால் நரைத்தாவது தொலைத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அதுவும் நடக்கவில்லை.

விஷயம், மார்ச்சுக்கு முன்னால் நடந்த வார்டு கூட்டத்தில் ஆரம்பித்தது.

"ரோடு போடப் பணம் வந்திருக்குது. மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிடும். எந்தத் தெருவுக்கு இன்னா வேணும், சொல்லுங்க" என்றார் கவுன்சிலர் அக்கா.

ஆளாளுக்குக் கை தூக்கினோம். குமரேசனும் தூக்கினான்.

"அக்கா, எங்க தெருவுக்கு ரோடு வேணாம்."

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

"இருக்கிறதே நல்லாத்தான் இருக்குது. ரெண்டு பள்ளம், அத்த மூடுங்க. கால்வாய தூர் வாருங்க. மிச்சத்த நீங்களே வெச்சிக்கோங்க."

இன்ஜினீயர் திணறிப் போனார். "வேணும்னு எழுதிக் குடுக்க ஃபார்ம் இருக்குதுங்க. வேணாம்னு எழுதிக் குடுக்க ஃபார்ம் இல்லீங்களே..."

கைதட்டல் பறந்தது!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அரசாங்கம் சின்னதாக இருக்கணும், வரிப்பணத்தைத் தேவைக்கு மட்டும் தொடணும், மார்ச் மாத அவசரச் செலவை ஒழிக்கணும் — பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதுகிற இதே பத்தியில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஒரு கைதட்டல் உண்டா? பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றுவதற்கு மட்டும் இந்தப் பத்தியைத் தொடுகிற குமரேசன், நாலே வரியில் வாங்கிவிட்டான்.

பொறுக்குமா? எழுந்தேன்.

"அப்ப அவங்க பங்கையும் எங்க தெருவுக்கே போட்டுடுங்க!"

ஆமாம், நான்தான். அதே சின்ன அரசாங்கக்காரன்தான்.

இன்ஜினீயர் ஒழுங்கான மனுஷர். "பழசைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும் சார். லெவல் ஏறக் கூடாது" என்றார். சுரண்டுகிற மெஷின் வர ரெண்டு வாரமாகுமாம். குமரேசன் கண்ணில் படும்படி எனக்கு ரோடு உடனே வேண்டும். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தேன் — 'சுரண்ட வேண்டாம். மேலேயே கனமாகப் போடவும்.'

போட்டார்கள். கருகருவென்று, கனமாக. முன்பு ரோட்டிலிருந்து படியேறி வீட்டுக்குள் போவோம். இப்போது இறங்கிப் போகிறோம்.

அப்புறம் அந்த மழை. என் மனைவி செல்வி ஹாலில்தான் பிளவுஸ் தைக்கிறாள். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் கஸ்டமர்களின் பட்டுப்புடவைகள். அதில் ஒன்று முகூர்த்தப் புடவை... இரண்டு நாளில் கல்யாணம். கதவுக்கடியில் தண்ணீர் நுழைந்தது.

"ஏங்க, தூக்குங்க! நனைஞ்சா சாயம் எறங்கிடும். அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? உங்க மனுவையா காட்டுவேன்?"

நான் ஒரு மூட்டையைத் தூக்கி வழுக்கி உட்காருவதற்குள், குமரேசன் பிளாஸ்டிக் ஷீட்டோடு வந்துவிட்டான். எல்லாவற்றையும் சுற்றி, அவன் வீட்டுக்கே கொண்டுபோனோம். முகூர்த்தப் புடவை என் தலையில்.

அவன் வீடு காய்ந்து கிடந்தது. தறிக்குழியும்தான்! நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் விட்டு மிதிக்கிற அந்தப் பள்ளத்தில் ஈரமே இல்லை.

"எப்பிடிடா?"

"ரோடு ரெண்டு இன்ச் ஏறினா மொதல்ல இந்தக் குழியிலதான்பா தண்ணி நிக்கும். அப்புறம் எங்க கால் வுட்டு நெய்யிறது? அதான் எங்க தெருவுல எவனும் ரோடு கேக்க மாட்டான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ கையெழுத்து வாங்கிக்கினு இன்னா ஸ்பீடு! புடிக்க முடியலபா."

செல்வி வேறு... "அண்ணா, அடுத்த மீட்டிங்ல எங்க தெருவுக்கும் சேத்து நீங்களே பேசிடுங்கண்ணா." இதைவிட அந்த மழைத் தண்ணீரே தேவலை.

புடவை தப்பித்தது. கல்யாணமும் நடந்தது. என் ஹால்தான் இன்னும் காயவில்லை.

அரசாங்கம் ஏன் இப்படிப் பெருத்துப் போகிறது என்று இத்தனை வருஷமாகக் கோட்டையையும் டெல்லியையும் பார்த்துத் திட்டினேன். பக்கத்துத் தெருவுக்குக் கிடைப்பது எனக்கும் வேண்டும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று தூக்கினேனே ஒரு கை... அதில்தானே அது பெருத்துப் போகிறது? எது வரைக்கும் போதும் என்று குமரேசனுக்கு அவன் தறிக்குழி சொல்கிறது. பட்ஜெட் போடுகிறவர்களுக்கு யார் சொல்வது? கேட்கிற நாம்தானே?

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, "எங்களுக்கு எதுவும் வேணாம், குடுத்ததைச் சுரண்டி எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லப் போகிறேன்.

குமரேசன் மட்டும் அன்றைக்கு வெளியூர் போயிருந்தால், கைதட்டல் எனக்கு வரவும் வாய்ப்பிருக்கிறது!