பூந்திக்கொட்டையும் கொழுப்பு உருண்டையும்

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை பார்த்தேன். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். அங்கே இருந்தவர்களோ படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயைத் திறக்கவே கூச்சம். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

தி. நகர் ஹாஸ்டலிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி மட்டும் என்னோடு பேசுவாள். மருந்தைக் கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து உடம்புக்குள் அனுப்புவது அவள் வேலை. உருண்டை என்றால் லட்டு இல்லை. ஊசி முனையில் ஒரு ஊரே உட்காரும் அளவு. குடுவையில் பார்த்தால் நீர்மோர் மாதிரி இருக்கும். அதைச் சவ்வுப் பையில் ஊற்றி, இரண்டு பக்கமும் கட்டி, உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் தொங்கவிடுவாள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். மணிக்கொரு தரம் அந்தத் தண்ணீரில் துளி எடுத்து மிஷினில் வைத்துப் பார்ப்பாள்.

ஒரு கோடையில் அந்த உருண்டைகளுக்கு என்ன வந்ததோ, முதல் மணியிலேயே மொத்த மருந்தும் வெளியே வந்து நின்றது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

"இன்னா பாப்பா, ஸ்கூல் பெல் அட்ச்சா மாதிரி எல்லாம் ஒரேடியா வெளிய ஓடியாருது?" என்றார் அட்டெண்டர். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய பெரிய சார் மயிலாப்பூர்க்காரர். "ரெண்டு வருஷமா இதையே பண்ணிண்டிருக்கே. திங்கக்கிழமையும் உடைஞ்சா ஆராய்ச்சித் தலைப்பையே மாத்திடலாம்மா" என்று சொல்லிவிட்டார். ரெண்டு வருஷமும் குப்பைக்கு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஆயாம்மா, குடுவையில சோப்பு ஏதாவது தங்கியிருந்துச்சா? சோப்பு பட்டா இது உடைஞ்சிடும்."

இல்லை என்று தலையாட்டினேன். பொய் இல்லை. சோப்புத்தூள் என் கையைப் பொத்தல் பொத்தலாகப் பிய்த்துவிட்டதால், அந்தக் கோடை முழுக்க மயிலாப்பூர் குளத்தங்கரை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூந்திக்கொட்டையை ஊறவைத்துத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயிலும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. சோப்புக்கு அஞ்சு தடவை அலச வேண்டும், இதற்கு ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டேன். தலைக்கே போடுகிற சாமான், குடுவைக்கு என்ன கேடு? உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். எண்ணெயெல்லாம் நுரையோடு ஓடியது. சொம்பு கையிலேயே நின்றுவிட்டது. என் தலை எண்ணெய்க்கே இந்த கதி என்றால், அந்தப் பிள்ளையின் கொழுப்பு உருண்டை எந்த மூலைக்கு?

திங்கட்கிழமை மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'சார், ஒரு தப்பு நடந்துபோச்சு சார்.' பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

சார் அறையில் அந்தப் பெண் தலை குனிந்து நின்றிருந்தாள். எனக்கு ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. முந்தானையில் முடிந்திருந்த கொட்டைகளை மேஜைமேல் வைத்தேன்.

"என்னம்மா, பேரீச்சையா? கோவில் பிரசாதமா?" என்று சார் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயையோ, துன்னாதீங்க சார்! அதான் சார் பாப்பாவோட உருண்டைய ஒடைக்குது!"

என் குரலா அது! அட்டெண்டர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு கையைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னையும் கொட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "வாங்க ஆயாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று இரண்டு குடுவை. ஒன்றை என் பழக்கப்படி கழுவச் சொன்னாள். இன்னொன்றைக் கீழேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிவந்து, போதும் போதும் என்று அவள் சொல்கிற வரை அலசிக் கொடுத்தேன். பூந்திக்கொட்டைக் குடுவையில் கலக்கியது முதல் மணியிலேயே உடைந்தது. மற்றது சாயங்காலம் வரை சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது. அவள் ஒவ்வொரு மணிக்கும் ஓடிவந்து என் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

சார் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லவேளை சொன்னேள். வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ."

அவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருப்பார். எனக்கோ திறந்த வாயை மூடத் தெரியவில்லை.

"சாமான் காயவெக்கிற அடுப்புல வடாம் காயவெச்சேன் சார். மழ நாள்ல மட்டும்தான். அப்பறம் மருந்து வெக்கிற ஃபிரிட்ஜுல, கீழ் தட்டுல, என் தயிரு கீது..."

"ஆயாம்மா," அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், "நான் டிகிரி வாங்கற வரைக்குமாவது கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

சார் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. தயிரை மட்டும் எடுக்கச் சொன்னார்.