சிங்கத்தின் வீட்டுக்கும் அழைப்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் முஸ்லிம் வீடுகளில் கல்யாணத்துக்கு அட்டை கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு பெண் வாசலில் வந்து நின்று, கல்கண்டு கொடுத்து, வாயால் அழைக்க வேண்டும். ஆரிஃபா மாமிக்கு அதுதான் வேலை. சுள்ளிக்கல் வரைக்கும் அவர் படியேறாத வீடு கிடையாது. அவர் அழைத்த பிறகு வராமல் இருக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

என் அடுத்த வீட்டு லமியா ஒரு இணையச் செய்தித் தளத்தில் நிருபர். கடைக்காரர்கள் சாக்கடையை அடைத்து வைத்திருப்பதைப் படம்பிடித்துப் போட்டாள். அவ்வளவுதான், கமெண்டில் வாய்கூசும் வசவுகள் கொட்டின. போலீசில் புகார் கொடுத்தாள், பார்க்கிறோம் என்றார்கள்.

“இந்த மாசத்தோட வேலையை விட்டுடறேன் மாமி” என்று அழுதாள்.

“எழுதினவன் பேரைப் படி மோளே” என்றார் மாமி.

வெட்கம்கெட்டவர்கள், பாதிப் பேர் சொந்தப் பெயரில், சொந்தப் போட்டோவோடு எழுதியிருந்தார்கள்.

மறுநாள் மாமி கல்யாண அழைப்புக்கான பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். குடையும் ஃபோனுமாக நானும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் கல்கண்டை நீட்டி ஒரே பேச்சு: “வெள்ளிக்கிழமை லமியா வீட்டில சாயா. உங்க மகன் ஃபோனில எழுதினதை அவளுக்கு நேரா வாசிக்கணும். குடும்பத்தோட வந்திரணும்.”

முதல் வீட்டம்மா சிரித்தார். “என்ன எழுதினான்?” என்று கேட்டார். ஃபோனைக் காட்டினேன். அவர் உள்ளே போனார். தட்டு விழுந்த சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அந்தத் தெருக் கமெண்டெல்லாம் மாயமாகிவிடும்.

பொய்ப் பெயரில் எழுதியவர்களும் பயந்து அழித்தார்கள். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது, இருப்பதிலேயே அசிங்கமானது. பெயர் ‘கொச்சி சிங்கம்’. போட்டோவில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் அரைக்காது பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. அது அவர் வீட்டுப் பூனை. ஸ்கூட்டர் அவர் மகன் அல்தாஃபுடையது.

மாமி நேராகத் தன் வீட்டுக்குப் போனார். திறந்து கிடந்த கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு தட்டினார்.

“என்னும்மா, கதவு திறந்துதானே கெடந்தது?” என்றபடி அல்தாஃப் வந்தான்.

மாமி கல்கண்டை நீட்டினார். “வெள்ளிக்கிழமை லமியா வீட்டில சாயா. இந்த வீட்டு மகன் எழுதினதை அவளுக்கு நேரா வாசிக்கணும்.” குரல் உடைந்தது. “அவன் உம்மாவையும் கூட்டிட்டு வரணும்.”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் ஃபோனை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை லமியா வீட்டுக் கூடம் முழுக்க அம்மாக்கள். மகன்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்கள். அல்தாஃபால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

“முழுசும் படிடா” என்றார் மாமி.

லமியா ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கினாள். “போதும் மாமி. எல்லாரும் சாயா குடிங்க. எனக்கு நாளைக்குக் காலையில வேலை இருக்கு. அந்தச் சாக்கடை இன்னும் அடைச்சுத்தான் கெடக்கு.”