வடிவம் மட்டும் வந்தது

ஸ்டெனியைப்போல ஒரு கவனக்காரனை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அன்றைக்கு எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது. என் சித்தி மகன் அவன். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்களை வரைந்துகொண்டிருந்தான். கம்பெனி மூடியதும் திருவட்டாறுக்கே திரும்பிவிட்டான். எனக்கு மார்த்தாண்டத்தில், கம்ப்யூட்டரில் வரைந்தபடியே பலகையும் கெட்டி ஸ்பாஞ்சும் வெட்டும் மிஷின் கடை.

அவன் மகள் ஆன்ஸ்லினுக்குப் பிறவியிலேயே முதுகு நிற்காது. சாய்த்துப் பிடித்தால்தான் உட்காருவாள். அவளுக்காகக் கம்பெனி கம்ப்யூட்டரில் சக்கரம் வைத்த ஒரு நாற்காலி வரைந்தான். என்ன மூளை தெரியுமா அவனுக்கு! முதுகின் நீளம் என்கிற ஓர் எண்ணை மாற்றினால் போதும். தோள் தாங்கி, பட்டை கோர்க்கும் துளை எல்லாம் தானாக இடம் மாறிக்கொள்ளும். முதல் நாற்காலியை அங்கேயே வெட்டி, லீவுக்கு வரும்போது பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தான்.

இந்த வருடம் அது அவளுக்குப் போதவில்லை. குருத்தோலை ஞாயிறு பவனியில் சபைப் பிள்ளைகளோடு போகவேண்டும் என்று ஆன்ஸ்லினுக்கு ஒரே ஆசை. "நானும் ஓலை பிடிச்சிட்டுப் போவேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பவனிக்கு முந்தின வாரம் ஸ்டெனியும் அவன் மனைவி சுபிதாவும் பென்டிரைவோடு கடைக்கு வந்தார்கள்.

அதிலிருந்த ஃபைலைத் திறந்தேன். நாற்காலி திரையில் அழகாக வந்து நின்றது. முதுகு நீளத்தை மாற்றப் பார்த்தால், மாற்ற அதில் ஒன்றுமே இல்லை. எல்லா மென்பொருளிலும் திறக்கிற பொதுக் கோப்பாக ஏற்றுமதி செய்திருந்தான். அதில் வடிவம் மட்டும்தான் வரும். எந்த அளவிலிருந்து எது உண்டானது என்பது வராது. வைத்து இறக்கிய அவியலிலிருந்து தேங்காயைத் தனியே எடுக்க முடியுமா? மொத்தமாகப் பெரிதாக்கினால் இடுப்பும் அகன்றுவிடும். பிள்ளைக்கு நீண்டிருந்ததோ முதுகு மட்டும்.

"ஏலே, அசல் ஃபைல் எங்கலே? நம்ம கடைலயும் அதே சாஃப்ட்வேர்தான கெடக்கு. இப்பமே மாத்தியிருப்பனே."

"இல்லண்ணே. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அழிச்சு வித்துட்டாங்க."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். காலமெல்லாம் இதே வேலை பார்த்தவனுக்கு இதுகூடவா தெரியாது?

சுபிதாதான் தணிவாகக் கேட்டாள். "ரெண்டையும் எடுத்திருக்கலாம்லா? நீங்க ஏன் இத மட்டும் கொண்டுவந்திய?"

ஸ்டெனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கம்பெனி மூடுன சமயம் அவ நிமோனியா வந்து ஐசியுல கெடந்தா. டாக்டர் கைய விரிச்சிட்டாருன்னு நீ போன்ல அழுத. இனி மாத்தவேண்டி வராதுன்னு நெனச்சிட்டேன். அவ ஞாபகமா ஒரு ஓர்மைக்கு இருக்கட்டும்னு உருவத்த மட்டும் எடுத்தேன்."

நான் எழுந்து என் இருக்கையை அவனுக்குக் கொடுத்தேன்.

அவன் அங்கேயே உட்கார்ந்து முதலிலிருந்து வரையத் தொடங்கினான். அந்த வளைவுகளெல்லாம் அவசரத்துக்கு வருகிறவையா? அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. ஓசன்னா பாடிக்கொண்டு பவனி அவர்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது, ஆன்ஸ்லின் ஜன்னலோரக் கட்டிலில் ஓலையைப் பிடித்தபடி படுத்திருந்தாள்.

"அடுத்த வருசம் போலாம் மக்கா" என்றான் ஸ்டெனி.

"அடுத்த வருசம் நான் இன்னும் வளந்துருவேன்லாப்பா?"

அவன் முற்றத்தில் போய் நின்று அழுதான்.